மிச்சத் தாளில் போட்ட சைபர்

போன மாதம் மீனா தொலைபேசியில் அழைத்து, கடையில் மிச்சத் தாளை எடுத்துவிட்டார்கள் என்றாள். இப்போது எல்லாம் டேப்லெட்தானாம். வேலை முடிந்து போகும்போது அதில் ஒரு கேள்வி வருமாம்: எல்லாம் முடிந்ததா? ஆம் என்பதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பொத்தான். இல்லை என்பதற்குக் கீழ் மூலையில் சின்ன எழுத்து. அதைத் தொட்டால் என்ன மிச்சம், ஏன் மிச்சம், எவ்வளவு மிச்சம் என்று இன்னும் நாலு பக்கம் திறக்குமாம்.

“புதுசா வந்தவங்க எல்லாரும் பச்சையத்தான் அமுக்குறாங்கக்கா. அமுக்கிட்டு மறுபடியும் உள்ள போய் அடுக்குறாங்க. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க நடந்ததை எழுதிக் குடுங்க. தமிழ் தெரிஞ்சவங்களுக்காவது வாசிக்கக் குடுக்கிறேன்.”

நான் எழுதிப் பழகியவள் இல்லை. இருபத்திரண்டு வருடம் பால் அடுக்கியவள். ஆனால் மீனா கேட்டால் எனக்கு மறுக்க வராது. அதற்குக் காரணம் கீழே வரும்.

எங்கள் கடை ஆக்லாந்தின் தெற்கே, ஒடாஹுஹுவில். பெரிய சூப்பர் மார்க்கெட். பெயர் வேண்டாம். நாற்பத்து நாலாவது வயதில் சேர்ந்தேன். பயிற்சி மூன்று நாள். முதல் நாள் வீடியோ, இரண்டாம் நாள் விரலை வெட்டிக்கொள்ளாமல் அட்டைப்பெட்டி வெட்டும் விதம், மூன்றாம் நாள் பால், தயிர், சீஸ் இருக்கும் குளிர்ப் பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். வேறு எங்காவது மாற்றுவார்கள் என்று முதல் வருடம் நினைத்திருந்தேன். பிறகு அந்த நினைப்பும் குளிர்ந்துவிட்டது.

வேலை இதுதான். காலை ஆறு மணிக்கு ஊழியர் அறை வாசலில் இருக்கும் கருவியில் விரலை வைத்து வரவு பதிய வேண்டும். முதலில் குளிர்ப்பெட்டிகளின் வெப்பநிலையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஐந்து டிகிரிக்கு மேலே போயிருந்தால் உடனே மேலாளரைக் கூப்பிட வேண்டும். பிறகு பின்னால் உள்ள குளிர் அறைக்குப் போய், சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளில் வந்திருக்கும் சரக்கை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். தட்டில் இருக்கும் பழைய பாலை முழுவதும் வெளியே எடுத்து, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் வைக்க வேண்டும். நீல மூடி, பச்சை மூடி எல்லாம் அதனதன் வரிசையில் இருக்க வேண்டும். பெயர் எழுதிய பக்கம் வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் தேதி முடிவதற்கு மஞ்சள் ஸ்டிக்கர். எங்கள் சனம் எப்படியும் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுக்கும். வீட்டுக்கு வாங்கும்போது நானும் அப்படித்தான்.

வேலை முடிந்து போகும்போது, குளிர் அறைக் கதவில் தொங்கும் அட்டையில் ஒரு தாள் இருக்கும். அன்றைக்கு அடுக்கி முடிக்காத கூண்டுகள் எத்தனை, என்னென்ன என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்து வருபவர் எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ள. அதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்தது. மீனா வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதை மிச்சத் தாள் என்று சொல்லிக்கொண்டோம்.

நான் அதில் தினமும் சைபர் போட்டேன். ஒன்றும் மிச்சமில்லை. பத்தொன்பது வருடம் சைபர்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், அப்போது இருந்த மேற்பார்வையாளர் என் தாளை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு கௌரவமாகப் போய்விட்டது. நேரம் முடிந்தும் ஒரு கூண்டு நின்றால் என்ன செய்வேன் என்றால், ஊழியர் அறைக்குப் போய் விரலை வைத்து வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு, திரும்பி வந்து அந்தக் கூண்டை அடுக்குவேன். பிறகு சைபர். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். என்னுடைய சொந்த யோசனை என்பதால் சந்தோஷமாகச் செய்தேன்.

மேலாளர் டெரெக் பற்றிச் சொல்ல வேண்டும். என் வேலைக் காலத்தின் பிற்பாதி முழுவதும் அவர்தான். ஒரு நாளும் குரல் உயர்த்த மாட்டார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், தட்டைப் பார்ப்பார். “நாளைக்கு வர முடியுமா, கட்டாயம் இல்லை” என்று சொல்லிக்கொண்டே ஒரு தயிர் டப்பாவைக் கால் அங்குலம் திருப்பி, அதன் பெயர் நேராகத் தெரியும்படி வைப்பார். நாம் ஏதாவது கேட்டால் பேனாவால் புறங்கையில் ஒரு சொல் எழுதிக்கொண்டு, “லீவ் இட் வித் மீ” என்பார். அவரிடம் விட்டுவிட வேண்டும். அவர் கையில் எழுதியது சாயங்காலம் குளியலறையில் போய்விடும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். கெட்ட மனிதர் இல்லை. கத்துகிற மேலாளரிடம் மாட்டேன் என்று சொல்லலாம். கட்டாயம் இல்லை என்கிறவரிடம் சொல்ல வாய் வராது. எனக்கு வந்ததே இல்லை. “ஓம்” என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அவருக்கு விளங்காது என்று ஞாபகம் வந்து “யெஸ்” என்று இன்னொன்று அனுப்பிய நாட்கள் பல.

எனக்குச் சுகமில்லை என்பது எனக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அபிஷேகத்துக்கு அடியார்கள் கொண்டுவந்த பால் போத்தல்கள் ஒரு மேசையில் இருந்தன. ஆளாளுக்கு வைத்தபடி கன்னாபின்னாவென்று கிடந்தன. நான் போய் அடுக்கத் தொடங்கினேன். அடுக்கியதோடு நிற்கவில்லை. தேதி பார்த்து, முதலில் முடிவதை முன்னால் இழுத்து, எல்லா மூடியும் ஒரே நிறமாக வரிசை சேர்த்து, பெயர்ப் பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தேன். ஐயர் வந்து கையை நீட்டினார்.

“அம்மா, தாங்கோ. அபிஷேகம் தொடங்கப் போகுது.”

“பொறுங்கோ ஐயா, பின்னுக்கு ஒரு வரிசை இருக்கு” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையை எடுக்க முடியவில்லை, அதுதான் விஷயம். கணவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த கிழமை கடையில் பால் சுவர் முழுவதையும் தலைகீழாக அடுக்கினேன். புதியது முன்னால், பழையது பின்னால். பத்தொன்பது வருடம் கையே செய்த வேலையை அன்றைக்குக் கை மறந்துவிட்டது. கையில் இருந்த போத்தலின் தேதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுத்து தெரிகிறது, எண் தெரிகிறது, எது முதல் வருகிறது என்பது தெரியவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் காலாவதியான பாலைத் திருப்பிக் கொண்டுவந்தார். டெரெக் தட்டின் முன் நின்று ஒரு போத்தலைத் திருப்பி நேராக வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் குளிர் அறையில், தயிர்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அழுகை குளிருக்கு இதமாக இருந்தது.

ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுப் பக்கத்து டாக்டர் ஒரு பெண். கடைசியாக எப்போது ஒன்றும் செய்யாமல் இருந்தாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, போன வருடம் பல் பிடுங்கிய அன்றைக்கு என்றேன். அவர் அதைக் கணினியில் எழுதிக்கொண்டார். இரண்டு கிழமை, பதினாலு நாள், ஓய்வு. அதற்குப் பிறகு வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு பர்ன் அவுட், வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோவது, என்று பெயர் சொன்னார். பெயர் இருக்கிறது என்று கேட்டதே எனக்கு ஒரு ஆறுதல்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“மணியைக் கூட்டித் தா எண்டு கேக்கிற சனத்தைத்தான் இவ்வளவு நாளும் கண்டிருக்கிறன். குறைச்சுத் தா எண்டு கேக்கப் போற முதல் ஆள் நீர்தான்” என்றார்.

“ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பேர் என்னிடம் வந்து, குறைத்தாயிற்றா என்று விசாரித்தார்கள்.

வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டால், ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். மகள் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். ஐந்து நாள், நாற்பது மணி நேரம் என்பதை நாலு நாள், இருபத்திநாலு மணி நேரமாக்கும்படி கேட்டோம். டெரெக் கையில் எழுதிக்கொண்டார். இருபத்தொன்பதாம் நாள் சம்மதம் வந்தது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. காலை ஆறு முதல் நண்பகல் பன்னிரண்டு வரை.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, புதன்கிழமை ஒனிஹங்கா கடலோரத்தில் நடந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு.

வசந்தாவுக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுத்தோம், பால் பகுதி கெட்டுவிட்டது என்று ஒருவரும் என்னைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லக் கூடியவர்களாக நானே கற்பனை செய்த ஆட்களுக்காக ஓடினேன். ஆறு மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கே குளிர் அறையில் நின்றேன். தேநீர் நேரத்தில் தேநீர் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு விரலை வைத்துப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்து ஒன்றரை, இரண்டு வரை அடுக்கினேன். கதவுத் தாளில் சைபர். நாற்பது மணி நேர வேலையை இருபத்திநாலில் முடித்துக் காட்டினேன். காட்டினேன் என்பதுதான் சரியான சொல்.

புதன்கிழமைகளில் வீட்டில் படுத்துக் கிடந்தேன். நேரத்தைக் குறைத்தும் ஏன் களைப்பு போகவில்லை என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அவ்வளவு பெரிய கெட்டிக்காரி.

மீனா எங்கள் பகுதியில் இருந்த இன்னொரு முழுநேர ஆள். மதுரைப் பக்கம். அப்போது முப்பது வயது இருக்கும். வேலை விசாவில் இருந்தாள். கணவர் நகர மையத்தில் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் இந்த நாட்டில் இருப்பது அவளுடைய வேலையைப் பிடித்துக்கொண்டுதான். நிதானமாக வேலை செய்வாள். ஒரு கூண்டு முடிந்தால்தான் அடுத்த கூண்டு. நேரம் முடிந்தால் கையுறையைக் கழற்றிவிடுவாள். அவளுடைய மிச்சத் தாளில் எப்போதும் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதை நான் மனதுக்குள் சோம்பல் என்று குறித்து வைத்திருந்தேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை என் விடுமுறை நாள் என்றும் பாராமல் டெரெக் கேட்டார், கட்டாயம் இல்லை என்று. போனேன். பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்து சீஸ் கூண்டை இழுத்தேன். மீனா குளிர் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளும்.”

“நீங்க கை வெச்சுட்டு மறுபடியும் உள்ள வர்றீங்க. இன்னும் எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

“ரெண்டு மணி வரைக்கும். ஏன்? உமக்கென்ன இடைஞ்சல்? என்ர விருப்பத்திலதானே செய்யிறன்.”

“உங்க விருப்பம்தான். ஆனா அந்த ரெண்டு மணி நேரம் டெரெக் பார்க்கிற பேப்பர்ல இல்லக்கா. அவர்கிட்ட இருக்கிறது இருபத்திநாலு மணி, பக்கத்துல ஒரு சைபர். நீங்க விட்ட பதினாறு மணி நேரத்துக்கு ஆள் வேணும்னு கேட்டேன். வேண்டாம், வேலைதான் முடியுதேன்னுட்டார்.”

அவள் ஏப்ரன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

“இப்ப என் மணியையும் குறைக்கிறார். முப்பத்திநாலுல இருந்து இருபத்தாறு. வாஸ் இருபத்திநாலுல முடிக்கிறா, உனக்கு இருபத்தாறு போதும்னு சொன்னார். முப்பதுக்குக் கீழ போனா என் விசாவுக்கு ஆகாதுக்கா. சொன்னேன். லீவ் இட் வித் மீன்னார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும்.”

கடையில் என்னை வாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். “நான் ஓடுறபடியாத்தான் உமக்கு வேலை குறைவு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். நீர் இப்பிடிக் கதைக்கிறீர்” என்றேன்.

“வேலை குறையுதுன்னுதான்க்கா நானும் சொல்றேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்தக் கூண்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

நான் சீஸை அடுக்கி முடித்துவிட்டுத்தான் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் இன்னும் வேகமாக அடுக்கினேன், தாளில் சைபர் போட்டேன், கையெழுத்தும் வைத்தேன்.

கார் ஓட்டிக்கொண்டு வரும்போது ஒனிஹங்கா வரை அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். அசமந்தம். நன்றி இல்லாதது. இளம் வயதில் நான் எப்படி ஓடினேன் என்று இவளுக்குத் தெரியுமா? சிவப்பு விளக்கில் நின்றபோது ஒரு கேள்வி வந்தது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எங்கள் பகுதியில் எத்தனை பேர் வந்து போனார்கள்? ஃபிஜிக்காரர் ஒருவர், சமோவா நாட்டுப் பெண்கள் இருவர், மலேசியத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. எல்லாரும் மணி போதவில்லை என்றுதான் போனார்கள். அவர்களையெல்லாம் நான் தாக்குப்பிடிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பக்கத்தில் என் சைபர் இருந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். வெட்கத்தில் என் முகம் சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் போனேன், ஐந்தே முக்காலுக்கு அல்ல. பத்து மணிக்கு ஊழியர் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். நான் உட்காரும் நாற்காலி எது என்று எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே நின்ற கூண்டுகளைக் குளிர் அறைக்குள் தள்ளினேன், பால் கெடக் கூடாதே. தாளை எடுத்தேன். தயிர் இரண்டு கூண்டு, பால் ஒரு கூண்டு, சீஸ் ஒன்று என்று எழுதினேன். திருடிவிட்டு எழுதிக் கொடுப்பது போல இருந்தது. பிறகு அந்தத் தாளோடு டெரெக்கைத் தேடிப் போனேன்.

அவர் பிஸ்கட் வரிசையில் நின்று ஒரு பொட்டலத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

தாளைக் காட்டினேன். பரவாயில்லை, எல்லாருக்கும் ஒரு மோசமான நாள் வரும் என்றார், பிஸ்கட்டைப் பார்த்தபடி.

மோசமான நாள் இல்லை, உண்மையான நாள் என்றேன். இந்த மூன்று மாதமும் பன்னிரண்டுக்குப் பதிந்துவிட்டுத் திரும்பி வந்து இரண்டு மணி வரை வேலை செய்தேன். அதற்கு முன் பத்தொன்பது வருடமும் தேவைப்பட்ட நாளெல்லாம் அப்படித்தான். என் சைபர் எல்லாம் பொய். அந்தப் பொய்யை வைத்து மீனாவின் மணியைக் குறைக்காதீர்கள் என்றேன். முதல் நாள் மாலையே மகளிடம் கேட்டு ஆங்கில வசனங்களைச் சரிபார்த்து வைத்திருந்தேன். இருந்தும் நடுவில் இரண்டு வசனம் தமிழில் வந்துவிட்டது.

டெரெக்கின் கை நின்றது. அப்போதுதான், அத்தனை வருடத்தில் முதன்முறையாக, என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் சாம்பல் நிறம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பதியாமல் வேலை செய்வது கடையின் விதிக்கு விரோதம், இதை நான் எழுதி வைக்க வேண்டியிருக்கும், உனக்கு ஒரு கடிதம் வரும், விளங்குகிறதா என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். மீனாவின் காகிதம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

பேனாவை எடுத்துப் புறங்கையில் வைத்தார். “லீவ் இட் வித் மீ.”

“நோ, டெரெக்” என்றேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. உங்களிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. நீங்கள் முடிவு சொல்லும் வரை இங்கேதான் நிற்பேன். ஆனால் என் நேரம் முடிந்துவிட்டது, அதனால் எதையும் அடுக்க மாட்டேன், சும்மா நிற்பேன்.

சும்மா நின்றேன். பிஸ்கட் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலித்தது. அவர் அலுவலகத்துக்குப் போய், கதவைச் சாத்தி யாரோடோ பேசிவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்தார். நாலு கிழமைக்கு மீனாவின் காகிதத்தை நிறுத்தி வைப்பதாகவும், அந்த நாலு கிழமையும் இரண்டு பேரும் உண்மையான தாள் எழுத வேண்டும் என்றும், அதைப் பார்த்துத் தீர்மானிப்பதாகவும் சொன்னார்.

அந்த நாலு கிழமைதான் என் வேலைக் காலத்திலேயே மிகக் கடினமான காலம். பாரம் தூக்குவது ஒன்றும் இல்லை. பாதி காலியான தட்டை விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போவது, அதுதான் உடம்பெல்லாம் அரித்தது. பச்சை மூடி முடிந்துவிட்டதா என்று வாடிக்கையாளர் கேட்பார்கள். உள்ளே இருக்கிறது, அடுத்தவர் வந்து வைப்பார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பல வருடமாகப் பால் வாங்கும் டோங்கா நாட்டு அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்து, உனக்குச் சுகமில்லையா என்று விசாரித்தாள். சுகமாகிக்கொண்டு வருகிறேன் என்றேன். ஒரு நாள் டெரெக்கே கையுறை போட்டுக்கொண்டு தயிர் அடுக்கிக்கொண்டிருந்தார். அழகாக அடுக்கினார், ஆனால் ஒரு கூண்டுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தார். மீனா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். சிரிப்பு வந்துவிடும் என்ற பயம்.

நாலு கிழமை முடிந்த திங்கட்கிழமை, ஊழியர் அறைப் பலகையில் புது ரோஸ்டர், யாருக்கு எத்தனை மணி என்ற பட்டியல், ஒட்டியிருந்தது. மீனாவின் பெயருக்கு நேரே முப்பத்திநாலு. அதற்குக் கீழே, புதிதாக எடுக்கப் போகிறவருக்கு என்று பன்னிரண்டு மணி நேரம், பெயர் இல்லாமல். மீனா அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அன்னைக்கு நான் ரொம்பப் பேசிட்டேனோ?”

“இல்லை. பிந்திக் கதைச்சிட்டீர். போன வருஷமே கதைச்சிருக்கலாம்.”

எனக்கு வந்தது கடிதம். எழுத்திலான எச்சரிக்கை, என் வேலைக் காலத்தில் ஒரே ஒன்று. பதியாமல் வேலை செய்ததற்காக. சமையலறை இழுப்பறையில் பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஓய்வு பெறும்போது பாராட்டுப் பத்திரம் ஒன்றும் தந்தார்கள். அது எங்கே என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வேலை செய்தேன். காகிதத்தில் என் நேரம் குறைந்தது முன்பே. எனக்குக் குறைந்தது அந்தக் கூண்டுகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான். புதன்கிழமைகளில் ஒனிஹங்கா கடலோரம் போய் ஒரு பெஞ்சில் உட்காருவேன். முதல் சில கிழமை, எதிரே மிதக்கும் படகுகளை அளவு வாரியாக வரிசைப்படுத்த மனம் போகும். பிறகு அதுவும் நின்றது. கோயிலில் அபிஷேகப் பால் கன்னாபின்னாவென்று கிடந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஐயர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

மீனாவுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. இப்போது பால் பகுதிக்குப் பொறுப்பு அவள்தான்.

என் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு ஊழியர் அறையில் கேக் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு ஆசை வந்தது. இத்தனை வருடம் நான் அடுக்கிய பால் சுவர், கடைசி நாளிலாவது முழுவதாக, ஓர் இடைவெளி இல்லாமல் நிற்கட்டும். ஓடவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. பால் முடிந்தது, சீஸ் முடிந்தது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தயிர் ஒரு கூண்டு மிச்சம். என் கைக்குப் பத்து நிமிட வேலை. கேக்குக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். திரும்பினால் மீனா கதவடியில் நிற்கிறாள்.

கூண்டின் கைப்பிடியைப் பிடித்தேன். குளிர் அறைக்குள் தள்ளிவிட்டேன். தாளை எடுத்து, தயிர் ஒரு கூண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு போய் விரலை வைத்துவிட்டுக் கேக் சாப்பிட்டேன். சீனி கொஞ்சம் கூட.

அந்தக் கூண்டை மறுநாள் காலை மீனா அடுக்கினாளாம். இருபத்தைந்து நிமிடம் பிடித்ததாம், அவளுடைய சம்பள மணியில்.